கடந்துபோன அக்டோபர்: இன்ஸ்டாகிராமில் நீக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் படம் குறித்த நிகழ்வு ஆய்வு

பிரேசிலைச் சேர்ந்த இன்ஸ்டாகிராம் பயனர் ஒருவர் 2020 அக்டோபரில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படம் ஒன்றை வெளியிட்டார். இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தானியங்கி அமைப்பு அதை நிர்வாணப் படமாகக் கருதி நீக்கியது. அந்த நீக்கம் பின்னர், நிறுவனத்தின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியத்தின் முன் சென்று, 2021 ஜனவரியில் தவறு என்று தீர்மானிக்கப்பட்டது. பயனரின் பெயரை வாரியம் வெளியிடவில்லை. இந்த ஆய்வுக்கும் அது தேவைப்படவில்லை. இணையத்தில் குழுக்களை நடத்துவோரையும், அவற்றுக்கு விதி எழுதுவோரையும், எது இருக்கலாம் எது போகவேண்டும் என்று அன்றாடம் முடிவெடுக்கும் மட்டுறுத்துநர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

கருத்துச் சுதந்திரத்துக்கும் முகம் சுளிக்க வைக்கும் படங்களுக்கும் இடையிலான சர்ச்சை என்றாலே, எல்லையை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் எல்லை ஏற்கெனவே சரியான இடத்தில் போடப்பட்டிருந்தது. விதி அந்தப் படத்தை வெளிப்படையாக அனுமதித்தது. விதியைச் செயல்படுத்திய கருவிக்கு அந்த அனுமதி தெரியவில்லை. இந்த வழக்கை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே.

பின்னணி

பிரேசிலில் அக்டோபர் மாதம் ‘இளஞ்சிவப்பு அக்டோபர்’ என்ற பெயரில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2002-ல் சாவ் பாவ்லோ நகரின் நினைவுத்தூண் இளஞ்சிவப்பு விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது அங்கே இதன் தொடக்ககால நிகழ்வுகளில் ஒன்று. 2018-ல் இயற்றப்பட்ட சட்டம் இந்த மாதத்துக்கு அதிகாரபூர்வமான இடத்தை அளித்தது. தோல் புற்றுநோய்களில் ஒரு வகையை விலக்கிப் பார்த்தால், பிரேசில் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் கூடும் என்பதால், பெண்கள் தம் உடலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தருவது அந்தப் பிரசாரத்தின் மையமாக இருக்கிறது.

சொல்லித்தருவதில்தான் படத்தின் தேவை எழுகிறது. கட்டி ஒன்று தட்டுப்படுவது மட்டுமே அறிகுறி என்று பலர் எண்ணியிருக்க, தோலில் குழி விழுவது, ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தோல் தடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரிவது, சிவந்து போவது, முலைக்காம்பு உள்நோக்கி இழுத்துக்கொள்வது, காம்பைச் சுற்றிப் பொருக்குத் தட்டுவது, காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிவது ஆகியவையும் மருத்துவரிடம் காட்டவேண்டிய மாற்றங்களே. இவற்றுள் பாதி முலைக்காம்பிலோ அதன் அருகிலோ தோன்றுபவை. காம்பை மறைத்துவிட்டு இவற்றைக் காட்ட முடியாது. உள்நோக்கி இழுத்துக்கொண்ட காம்பு எப்படி இருக்கும் என்று எழுத்தில் படித்த பெண்ணைவிட, ஒருமுறை படத்தில் கண்ட பெண் தன் உடலில் அதை விரைவாக அடையாளம் காண்பாள்.

இத்தகைய படங்கள் நீக்கப்படுவது 2020-ல் புதிதன்று. குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரின் படங்களை ஃபேஸ்புக் அகற்றியதை எதிர்த்து 2008-ன் இறுதியிலேயே போராட்டம் நடந்தது. மார்பக நீக்க அறுவைச் சிகிச்சைத் தழும்புகளைக் காட்டும் படங்கள் குறித்து எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2013-ல் அவற்றை அனுமதிப்பதாக நிறுவனம் தெளிவுபடுத்தியது. 2016 மார்ச்சில் அர்ஜென்டினாவின் மார்பகப் புற்றுநோய் அமைப்பு ஒன்று வெளியிட்ட விளம்பரப் படத்தில், பெண்களின் மார்பை இணைய நிறுவனங்களின் சின்னங்கள் மறைத்திருக்க, பருத்த உடல்வாகு கொண்ட ஆண் ஒருவர் முன்வந்து நிற்க, அவருடைய மார்பின்மீது சுயபரிசோதனை செய்து காட்டப்பட்டது. ஆணின் மார்பை எந்த விதியும் தடுக்காது என்பதை அந்த அமைப்பினர் தெரிந்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சுவீடனின் புற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட அசைவூட்டக் காணொளியில் மார்பகங்கள் வெறும் இளஞ்சிவப்பு வட்டங்களாக வரையப்பட்டிருந்தும் ஃபேஸ்புக் அதை நீக்கியது. சங்கத்தினர் வட்டங்களைச் சதுரங்களாக மாற்றி வரைந்து ஒரு திறந்த மடல் எழுதினர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இப்படி ஒவ்வொரு எதிர்ப்புக்குப் பிறகும் விதிப்புத்தகத்தில் ஒரு விலக்கு சேர்ந்துகொண்டே வந்தது. 2020-ல் ஃபேஸ்புக்கின் சமூக நெறிமுறைகள், கல்விக்காகவோ மருத்துவ நோக்கத்துக்காகவோ வெளியிடப்படும் நிர்வாணத்தை அனுமதித்தன. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகப் பெண்ணின் முலைக்காம்பைக் காட்டலாம் என்று குறிப்பிட்டே சொல்லின.

அந்த ஆண்டின் இன்னொரு சூழலையும் இங்கே சேர்க்க வேண்டும். கொரோனா பரவலையொட்டி 2020 மார்ச்சில் ஃபேஸ்புக் தன் மனித மதிப்பாய்வாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. தானியங்கி அமைப்புகளை முன்னிலும் அதிகமாக நம்பப்போவதாகவும், அதனால் தவறுகள் கூடக்கூடும் என்றும் அப்போதே அறிவித்தது.

நிகழ்ந்தது

பயனர் வெளியிட்ட படம், அந்த மாதத்துக்குரிய இளஞ்சிவப்புப் பின்னணியில் அமைந்திருந்தது. தலைப்பு போர்த்துகீசிய மொழியில், இது மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகள் குறித்த விழிப்புணர்வுக்கானது என்று தெரிவித்தது. ஒரே படத்துக்குள் எட்டுச் சிறு புகைப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அது காட்டும் அறிகுறி ஓரிரு சொற்களில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து புகைப்படங்களில் பெண்ணின் முலைக்காம்பு மறைப்பின்றித் தெரிந்தது. மற்ற மூன்றில் அது சட்டகத்துக்கு வெளியே இருந்தது அல்லது கையால் மறைக்கப்பட்டிருந்தது.

புகைப்படங்களில் நிர்வாணத்தைக் கண்டறியப் பயிற்றுவிக்கப்பட்ட நிரல் இந்த இடுகையைப் பிடித்தது. வயதுவந்தோர் நிர்வாணம் தொடர்பான விதியை மீறியதாக இடுகை நீக்கப்பட்டது. பயனர் முறையிட்டும் பலன் கிடைக்கவில்லை. எனவே, வழக்குகளை அந்த அக்டோபரில்தான் ஏற்கத் தொடங்கியிருந்த மேற்பார்வை வாரியத்தை அவர் நாடினார். இடுகை தேசிய அளவிலான ‘இளஞ்சிவப்பு அக்டோபர்’ பிரசாரத்தின் பகுதி என்று அவர் வாரியத்திடம் தெரிவித்தார்.

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் எடுக்கும் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்வதற்காக, நிறுவனம் நிதி ஒதுக்கிப் பிரித்து நிறுத்திய தனி அமைப்பு இந்த வாரியம். தன்னிடம் வந்து குவிந்த 20,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளிலிருந்து மிகச் சிலவற்றையே அது முதல் தொகுப்பாக எடுத்துக்கொண்டு, 2020 டிசம்பர் முதல் நாளில் அறிவித்தது. பிரேசில் இடுகை அவற்றுள் ஒன்று. வாரியம் வழக்கை எடுத்துக்கொண்ட பிறகே நிறுவனம் இடுகையை மறுபடி பார்த்தது. நீக்கியது தவறு என்று ஒப்புக்கொண்டு டிசம்பர் தொடக்கத்தில் அதை மீட்டது.

கவனிக்கப்பட்டவை

முதலில் என் கண்ணில் படுவது, இந்தப் படத்தைக் கண்டு மனம் புண்பட்டதாக யாரும் முறையிட்டு அது நீக்கப்படவில்லை என்பது. அந்தக் காலத்தில் நிர்வாண விதியின்கீழ் ஃபேஸ்புக் நடவடிக்கை எடுத்தவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல், எந்தப் பயனரும் புகார் செய்வதற்கு முன்பே நிரல்களால் கண்டறியப்பட்டவை என்று நிறுவனத்தின் அறிக்கைகளே கூறின. நாம் ‘புண்படுதல்’ என்று பேசும்போது புண்படும் மனிதர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். இங்கே அப்படி ஒருவர் இல்லை. புண்படக்கூடும் என்ற முன்கணிப்பு மட்டுமே இருந்தது.

அடுத்து, சூழலைத் தெரிவிக்க வேண்டிய அனைத்தையும் பயனர் செய்திருந்தார். இளஞ்சிவப்பு நிறம், தலைப்பு, ஒவ்வொரு புகைப்படத்தின் கீழும் விளக்கம், வெளியிட்ட மாதம் என்று எதிலும் குறையில்லை. படத்தின்மேலேயே போர்த்துகீசிய மொழியில் ‘மார்பகப் புற்றுநோய்’ என்று எழுதியிருந்தும், தானியங்கி அமைப்பு அந்தச் சொற்களை அடையாளம் காணத் தவறியது என்பதை வாரியம் குறித்துக்கொண்டது. மனிதர் ஒருவர் மூன்று நொடி பார்த்திருந்தால் போதும். தோலும் வடிவமும் நிரலின் கண்ணில் பட்டன. அவற்றைச் சுற்றியிருந்த எழுத்து படவில்லை.

மூன்றாவதாக, பயனருக்குக் காட்டப்பட்ட விதிகளும் நிறுவனம் கடைப்பிடித்ததாகச் சொன்ன விதிகளும் ஒன்றாக இல்லை. இன்ஸ்டாகிராமின் வழிகாட்டுதல்கள் பெண்ணின் முலைக்காம்பைக் காட்டக்கூடாது என்று கூறி, மார்பக நீக்கத் தழும்பையும் பாலூட்டுவதையும் மட்டுமே விலக்காகச் சொல்லின. புற்றுநோய் விழிப்புணர்வுக்கான விலக்கு ஃபேஸ்புக்கின் நெறிமுறைகளில் இருந்தது. இன்ஸ்டாகிராமை மட்டும் பயன்படுத்தும் ஒருவர், வேறொரு தளத்தின் விதிப்புத்தகத்தில் தனக்குரிய உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்று எப்படி அறிவார்?

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

படத்தை மீட்டுவிட்டோம், எனவே வாரியம் விசாரிப்பதற்கு இனி எதுவும் இல்லை என்பதே நிறுவனத்தின் முதல் வாதம். வாரியம் இதை ஏற்கவில்லை. பயனர் நிறுவனத்துக்குள் முறையிட்டு முடித்த வேளையில் கருத்து வேறுபாடு இருந்ததா என்பதே வழக்கை ஏற்பதற்கான அளவுகோல். பின்னர் நிறுவனம் மனம் மாறியது அதை அழித்துவிடாது என்று அது கூறியது. டிசம்பரில் மீட்டதால், அக்டோபர் பிரசாரம் முழுவதும் இடுகை இல்லாமல் போனதை ஈடுசெய்ய முடியாது என்றும் சொன்னது. இந்த வழக்கில் ஆழமான முடிவு இதுவே என்பது என் கருத்து. நிறுவனத்தின் வாதம் நின்றிருந்தால், வாரியம் ஒரு வழக்கைத் தொட்டவுடன் இடுகையை மீட்டுவிட்டு விசாரணையைத் தவிர்த்துக்கொள்ளும் வழி எப்போதும் திறந்திருக்கும். தவறு எப்படி நேர்ந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும்.

ஐந்து உறுப்பினர் குழு தயாரித்து வாரியத்தின் பெரும்பான்மை ஒப்புதல் அளித்த தீர்ப்பு 2021 ஜனவரி 28 அன்று வெளியானது. நிறுவனத்தின் சொந்த விதிகளின்படியே இடுகை அனுமதிக்கப்பட்டது என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. அடுத்து வாரியம் பன்னாட்டு மனித உரிமை அளவுகோலுக்குச் சென்றது. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, கருத்து வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் விதி தெளிவாக இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் கொண்டிருக்க வேண்டும், தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்று மூன்று சோதனைகளை வைக்கிறது. இரு தளங்களின் விதிகளும் ஒத்துப்போகாததால் முதல் சோதனையிலேயே குறை தெரிந்தது. மூன்றாவதில், மருத்துவ நோக்கம் பட்டவர்த்தனமாகத் தெரியும் படத்தை நீக்குவதால் எந்த நோக்கமும் நிறைவேறவில்லை.

நிர்வாண விதிக்குப் பின்னால் இருக்கும் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒப்புதலின்றிப் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களையும் சிறார் தொடர்பான படங்களையும் தடுக்கவே, பாலியல் காட்சிகளை முதலில் நீக்குவதை இயல்பாக வைத்திருப்பதாக நிறுவனம் விளக்குகிறது. தன் படம் தன் அனுமதியின்றிச் சுற்றும் ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தாமதமும் கொடுமை. அவளுக்காக நிரல் வேகமாகச் செயல்பட வேண்டும். ஆனால் அந்த வேகத்தின் விலையை யார் தருகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ஆணின் முலைக்காம்பையும் பெண்ணின் முலைக்காம்பையும் விதி வேறுபடுத்தி நடத்துவதால், துல்லியமற்ற நிரலின் சுமை பெண்களின் வெளிப்பாட்டு உரிமைமீதே கூடுதலாக விழும் என்று வாரியம் சுட்டிக்காட்டியது. போதிய மனித மேற்பார்வையின்றி இப்படி நீக்குவது மனித உரிமைக் கவலை என்றே அது சொன்னது.

நீக்க முடிவை ரத்துசெய்ததோடு, வாரியம் பல பரிந்துரைகளையும் முன்வைத்தது. படத்தின்மேல் உள்ள எழுத்தைப் படிக்கும் திறனை மேம்படுத்துவது, முடிவு தானியங்கியால் எடுக்கப்பட்டதா என்று பயனருக்குச் சொல்வது, அத்தகைய முடிவை மனிதர் ஒருவரிடம் முறையிட வழி செய்வது, தானியங்கி நீக்கங்களின் மாதிரிகளைத் தொடர்ந்து தணிக்கை செய்வது, இரு விதிப்புத்தகங்களும் முரண்பட்டால் எது செல்லும் என்று அறிவிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முறையீட்டுக்குப் பின் எத்தனை தானியங்கி நீக்கங்கள் திருத்தப்பட்டன என்ற கணக்கை வெளியிடவும் கேட்டது.

தொடர்ந்தவை

முதல் தொகுப்பு வழக்குகளின் பரிந்துரைகளுக்கு நிறுவனம் 2021 பிப்ரவரி இறுதியில் பதிலளித்தது. இன்ஸ்டாகிராம் வழிகாட்டுதல்களில் உடல்நலம் சார்ந்த சூழல்கள் விலக்காகச் சேர்க்கப்பட்டன. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லியே எழுதப்பட்டது. மார்பகப் புற்றுநோய்ச் சூழலை அடையாளம் காணும்படி நிரலைச் சீர்செய்யவும் நிறுவனம் உறுதியளித்தது. அதன் பயனாக, தானாகவே நீக்கப்பட்டிருக்கக்கூடிய இடுகைகள் பல மனித மதிப்பாய்வுக்கு அனுப்பப்பட்டன. பெயர் தெரியாத ஒரு பயனரின் விடாப்பிடியான முறையீடு இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆயினும் தவறு முற்றாக நிற்கவில்லை. மார்பகச் சுயபரிசோதனையை விளக்கும் காணொளி கொண்ட ஃபேஸ்புக் இடுகை ஒன்று நீக்கப்பட்டு, வாரியம் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே மீட்கப்பட்டதை வாரியம் 2023-ல் வெளியிட்ட சுருக்கத் தீர்ப்பு பதிவு செய்கிறது. பிரேசில் வழக்கில் சொன்னதையே அதில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

மாற வேண்டியவை

விதிவிலக்கு எழுதப்பட்ட நாளிலேயே அதைச் செயல்படுத்தும் கருவியிலும் அது சேர வேண்டும். நிர்வாணத்தைக் கண்டறியும் நிரலைப் பணியில் அமர்த்துவதற்கு முன், விதி அனுமதிக்கும் படங்களின் தொகுப்பு ஒன்றைத் தனியே வைத்து, அவற்றில் எத்தனையை அது தவறாகப் பிடிக்கிறது என்று பார்த்திருந்தால், சுவீடன் முதல் பிரேசில் வரை நடந்தவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அந்தத் தொகுப்பு ஆங்கில எழுத்து கொண்ட படங்களால் மட்டும் ஆனதாக இருக்கக்கூடாது. தமிழில் விளக்கம் எழுதி ஒரு சுகாதார நிலையம் வெளியிடும் படத்துக்கும் இதே சோதனை தேவை.

காலத்தை விதிக்குள் கொண்டுவர வேண்டும். பிரசார மாதம், தேர்தல், பேரிடர் போன்றவற்றில் ஒரு வாரத் தாமதம் நீக்கத்துக்குச் சமம். முறையிடுபவர் ‘இது இந்த நாளுக்குள் வேண்டும்’ என்று குறிப்பிட ஓர் இடமும், அப்படிக் குறிப்பிட்டவற்றை முன்னே எடுத்துப் பார்க்கும் வரிசையும் இருந்தால், மீட்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கும்.

நீக்குவதற்கும் விடுவதற்கும் இடையே இன்னும் வழிகள் உள்ளன. உடல்நலப் படத்தை எச்சரிக்கைத் திரையால் மூடி, பார்க்க விரும்புபவர் தொட்டுத் திறக்கும்படி வைத்தால், எதிர்பாராமல் கண்ணில் பட்டுச் சங்கடப்படுபவரும் காக்கப்படுவார். தேடி வருபவரும் இழக்கமாட்டார். ஒப்புதல் கேள்விக்குரியதாக இருக்கும் படங்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றை உடனே எடுத்துவிடத்தான் வேண்டும். பிரேசில் இடுகையைப் போல மருத்துவ விளக்கம் தாங்கிய படத்தை அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

சில நூறு பேர் கொண்ட குழுவை நடத்துபவருக்கு ஒரு வசதி உண்டு: நீக்குவதற்கு முன் பதிந்தவரிடமே கேட்டுவிடலாம். படம் எங்கிருந்து வந்தது, எதற்காக, எந்த விதியின்கீழ் தயக்கம் எழுகிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புவதற்கு எந்த நிரலும் தேவையில்லை. அப்படியும் நீக்க வேண்டி வந்தால், விதியின் வாசகத்தையும், மறைத்தோ வெட்டியோ மீண்டும் போட முடியுமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘விதிமீறல்’ என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு, நல்ல நோக்கத்தோடு வந்தவரை அடுத்த முறை பேசாமல் இருக்கச் செய்துவிடும்.

விதியின் அடிப்படையை இந்த வழக்கு மாற்றவில்லை. 2023 ஜனவரியில், மாற்றுப்பாலின, இருபாலினம் சாராத அடையாளம் கொண்ட அமெரிக்க இணையர் ஒருவரின் இரு இன்ஸ்டாகிராம் இடுகைகள் குறித்த வழக்கில் வாரியம் மீண்டும் இதே இடத்துக்கு வந்தது. முலைக்காம்புகள் மறைக்கப்பட்டிருந்தும் நீக்கப்பட்ட அந்தப் படங்களை மீட்க ஆணையிட்டதோடு, பாலினத்தைச் சாராத, தெளிவான அளவுகோல்களைக் கொண்டு நிர்வாண விதியைத் திருத்தி எழுதும்படி பரிந்துரைத்தது. பெண்ணின் மார்பா ஆணின் மார்பா என்று தோற்றத்தை வைத்து முதலில் பிரித்தாக வேண்டிய விதி நீடிக்கும்வரை, நோயின் அறிகுறிகளைக் காட்டும் படங்கள் அந்தப் பிரிப்பைக் கடந்த பிறகே தம் விலக்கைக் கோர முடியும்.